தலையசைக்காத ஞாயிறு

புதன்கிழமை வேதபாட வகுப்பில் பாஸ்டர் அப்சலோமைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே, அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் இந்தச் சபையின் அப்சலோம் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவரும் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

துரோகம், பதவி ஆசை, தலைமை என்பது அந்த மாதத்துப் பாடம். தாவீது ராஜாவின் மகன் அப்பாவின் சிங்காசனத்தைப் பிடிக்க முதலில் படை திரட்டவில்லை என்றார் பாஸ்டர். காலையில் எழுந்து ஊர் வாசலுக்குப் போகிற வழியில் நின்றான். ராஜாவிடம் வழக்கு கொண்டுவருகிறவர்களை நிறுத்தி அன்பாக விசாரித்தான். உன் பக்கம் நியாயம் இருக்கிறது, கேட்கத்தான் அங்கே ஆளில்லை என்று வருத்தப்பட்டான். நான் மட்டும் நியாயாதிபதியாக இருந்தால் என்று பெருமூச்சு விட்டான். ஜனங்களின் இருதயத்தைத் திருட அது போதுமாக இருந்தது.

கமிட்டிச் செயலர் மெதுவாகத் திரும்பிப் பழைய செயலரைப் பார்த்தார். பழைய செயலர் முன்கூட்டியே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறைச்சிக்கடைக்காரர், தன் கடைக்கு எதிரிலேயே புதுக்கடை போட்டிருக்கும் தன் மச்சானை நினைத்துப் பல்லைக் கடித்தார்.

அவளுக்கு மட்டும் அப்சலோம்மேல் கொஞ்சம் அனுதாபம் வந்தது. ராஜா ராஜ்யத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் ஏன் வாசலில் நின்று புலம்புகிறார்கள்? பாஸ்டர் இந்தக் கேள்விக்கு வரவேயில்லை. பக்கத்தில் இருந்த அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணி வேதாகமத்தை மடியில் விரித்து வைத்து, தலையைச் சாய்த்து, பாஸ்டரின் வாயையே உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தார். தனக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி.

அண்ணி அவள் கணவருக்கு அக்கா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர தலைமையை விடவில்லை. சபையின் பாடகர் குழுவுக்கு அவர்தான் லீடர். அவள் அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவள். குழுவில் எல்லோரும் அவளைக் கீபோர்டு அக்கா என்பார்கள். அண்ணி அக்காவையும் விட்டுவிட்டு வெறும் கீபோர்டு என்பார்.

"கீபோர்டு, ஓடாத. உனக்குப் பின்னாடி யாரும் துரத்தல."

இப்படித்தான் பேச்சு. குடும்பத்தில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட குரல் என்றாலும், இருபது பேருக்கு முன்னால் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருந்தது.

விஷயம் என்னவென்றால், குழுவை உண்மையில் நடத்துவது தானே என்று அவள் நம்பினாள். அண்ணி நடுவில் நின்று கையை வீசுவார். அந்தக் கை சில வருடங்களாகவே தாளத்துக்கு அரைத் தட்டு பின்னால் தயங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவள் ஒவ்வொரு அடி தொடங்கும்போதும் மோவாயை லேசாகக் கீழே இறக்கிக் காட்டப் பழகியிருந்தாள். ஒரு சின்னத் தலையசைப்பு. யாரும் சொல்லித்தந்து செய்ததில்லை. அவள் தலையசைப்பாள், இருபது வாய்கள் ஒன்றாகத் திறக்கும். பாட்டு முடிந்ததும் சபையார் வந்து அண்ணியின் கையைக் குலுக்குவார்கள்.

போதாதென்று, பாட்டு நடக்கிற நேரம் முழுக்க அண்ணி அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். தாமதமாக வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பார்க்கிற பார்வை. நீ தப்பு பண்ணுவாய், எனக்குத் தெரியும், எப்போது என்றுதான் காத்திருக்கிறேன் என்கிற பார்வை. அந்தப் பார்வையின் கீழே அவள் பல வருடங்கள் ஒரு தப்பும் செய்யாமல் வாசித்திருந்தாள். அதுவே அவளுக்கு அவமானமாக இருந்தது.

இப்போது லீடரின் காலம் முடிகிறது. பிஷப் வருகிற ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி அடுத்த லீடரைத் தேர்ந்தெடுக்கும். அண்ணியின் பெயர் வழக்கம்போல இருந்தது. வழக்கமில்லாமல் இரண்டாவதாக ஒரு பெயரும் இருந்தது. செயலர்தான் அவளிடம் கேட்டார். அவள் "ஐயோ, நானா" என்றாள். பிறகு, அவர் மனதை மாற்றிக்கொள்வதற்குள் "சரி" என்றாள்.

கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தார்.

"நீ ஜெயிச்சா அக்கா என்கிட்ட பேச மாட்டா. அக்கா ஜெயிச்சா நீ என்கிட்ட பேச மாட்ட."

"அதனால?"

"எந்தப் பக்கம் அமைதி ஜாஸ்தின்னு பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் ஒத்திகைக்கு அவள் கொஞ்சம் முன்னதாகவே போனாள். கீபோர்டின் வயரைச் சரிபார்க்க என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வயர் உள்ளே இருந்தது. அவள் வாசலில், செருப்பு கழற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் இறைச்சிக்கடைக்காரர் வந்தார். கட்டைக்குரல் வரிசையின் தூண் அவர்தான்.

"நாள் பூரா கடையில நின்னுட்டு வரேன் அக்கா. இங்கயும் நிக்கணுமாம். உட்கார்ந்து பாடுனா மூச்சு வராதாம். கடையில நான் உட்கார்ந்து கத்துனா தெருமுனை வரைக்கும் கேக்குது."

"நீங்க சொல்றது நியாயம்தான் அண்ணே. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அடுத்து எதிர்த்தெரு கிளினிக்கின் நர்ஸ் ஓடிவந்தாள். "ஷிஃப்ட் முடியறதுக்குள்ள ஒத்திகை ஆரம்பிச்சிடறாங்க அக்கா. லேட்டா வந்தா எல்லார் முன்னாலயும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. அவங்களோடது இல்ல, என்னோடத."

"என் கையில இருந்தா, அரை மணி தள்ளி வெச்சிருப்பேன்மா" என்று சொல்லிப் பெருமூச்சும் விட்டாள்.

பெருமூச்சு விட்ட பிறகுதான் அது எங்கோ கேட்ட பெருமூச்சு என்று உறைத்தது. புதன்கிழமை கேட்டது. ஒரு கணம் காது சூடானது. பிறகு யோசித்துப் பார்த்தாள். அப்சலோம் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தமிட்டான் என்று பாஸ்டர் சொன்னாரே. தான் யாரையும் தொடக்கூட இல்லை. அவனைப் போலத் தனக்கு முன்னால் ஓட ஐம்பது பேரும் இல்லை, ரதமும் இல்லை; கணவரின் பழைய ஸ்கூட்டர்தான். வித்தியாசம் நிறைய இருந்தது. நிம்மதியாக உள்ளே போனாள்.

அன்றைய ஒத்திகையில் அண்ணி பாட்டை நடுவில் நிறுத்தினார். பிஷப்புக்கு முன்னால் பாட வேண்டிய நான்கு குரல் பாட்டு. அதன் கடைசிச் சரணத்துக்கு முன்பு எல்லாக் குரலும் கீபோர்டும் சேர்ந்து நிற்கும். நான்கு தட்டு மௌனம். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும்.

"இந்த இடத்துல யாரும் தன்னிஷ்டத்துக்கு நுழையக் கூடாது. என் கை விழணும். கீபோர்டு, உனக்கும்தான். நீ தனி ராஜ்யம் இல்ல."

குழு சிரித்தது. இறைச்சிக்கடைக்காரர்கூட, வாசலில் அவளிடம் அவ்வளவு புலம்பியவர், கட்டைக்குரலில் சிரித்தார்.

யோசனை அப்போதுதான் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து நின்றது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் தான் தலையசைக்காமல் இருந்தால்?

வேறொன்றுமே செய்ய வேண்டாம். யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம், தப்பாக வாசிக்க வேண்டாம். மோவாயை ஒரு விரற்கடை இறக்காமல் இருந்தால் போதும். அண்ணியின் கை எவ்வளவு தூரம் குழுவை இழுத்துப் போகும் என்று பிஷப்புக்கும் கமிட்டிக்கும் தெரிந்துவிடும். துரோகம் என்று அதை யாராவது சொல்ல முடியுமா? பத்துக் கட்டளைகளை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். தலையசைக்காதிருப்பாயாக என்றும் இல்லை, தலையசைப்பாயாக என்றும் இல்லை.

சனிக்கிழமை மதியம் முழுக்க வீட்டைத் துடைத்தாள். அலமாரிகளைக் காலி செய்து அடுக்கினாள். மனம் ஒரு நிலையில் இல்லாவிட்டால் அவளுக்குக் கை நிற்காது. மேல் தட்டை எட்டித் துடைக்கும்போது தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேல் நினைவுக்கு வந்தான். ராஜாவைக் காட்டிக்கொடுத்தவன், தன் யோசனை எடுபடாது என்று தெரிந்ததும் ஊருக்குப் போய் வீட்டை ஒழுங்குபடுத்தினான் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவன் தூக்குப் போட்டுக்கொண்டான் என்பதும் நினைவுக்கு வந்ததும் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை ஆலயம் நிரம்பியிருந்தது. பிஷப் பெரிய உருவம், மெதுவான நடை. உட்கார்ந்தபோது நாற்காலி முனகியது. பாட்டு தொடங்கியது. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது எல்லாவற்றுக்கும் அவள் வழக்கம்போல மோவாயை இறக்கினாள். பிறகு எல்லாம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் அசையவில்லை.

அண்ணியின் கை மேலே போனது. மேலேயே நின்றது.

இருபது பேரும் குழப்பமாகத் தன் பக்கம் திரும்புவார்கள், கண்களால் கெஞ்சுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒருவரும் திரும்பவில்லை. இறைச்சிக்கடைக்காரர் வாயைப் பாதி திறந்தபடி அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை, பின்வரிசை எல்லாமே அந்தக் கையைத்தான் பார்த்தது. இத்தனை வருடம் அவள் தலையசைத்ததை இவர்களில் ஒருவர்கூடக் கவனித்ததில்லை.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணி மட்டும்தான்.

அதே பார்வை. ஆனால் இவ்வளவு நேரம் அதைத் திருப்பிப் பார்க்கும்படி அவளுக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை. எப்போதும் அடுத்த அடி வந்துவிடும், கண் தாளுக்குப் போய்விடும். இப்போது அடுத்த அடி இல்லாததால் பார்த்தாள். அதில் முறைப்பே இல்லை. கடைசி பஸ் வருமா வராதா என்று தெருக்கோடியைப் பார்த்து நிற்கிறவரின் முகம் அது.

மௌனம் நீண்டது. சபையில் ஒரு குழந்தை இருமியது. பிஷப் இதை என்னவென்று நினைத்தாரோ, மெதுவாக நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்து, முழங்காலிட்டார். பாஸ்டர் பதறிப்போய்த் தானும் முழங்காலிட்டார். பிஷப்பே முழங்காலிட்ட பிறகு சபை சும்மா இருக்குமா? வரிசை வரிசையாகப் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கமிட்டிச் செயலர் மூட்டுவலியோடு இறங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது.

அண்ணியின் கை இன்னும் இறங்கவில்லை.

அவள் தலையை அசைத்தாள். மோவாய் மட்டும் இல்லை, கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய அசைவு. கை விழுந்தது. பயந்துபோயிருந்த இருபது பேரும் மூச்சு பாதியில்தான் இருந்ததால் மிக மெல்லிய குரலில், ஒன்றாக, நுழைந்தார்கள். அந்தக் குழு அதற்கு முன்பு அவ்வளவு மென்மையாகப் பாடியதே இல்லை. இறைச்சிக்கடைக்காரரின் குரல்கூடப் பஞ்சு மாதிரி வந்தது. பிஷப் எழுந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரசங்கத்தின் தொடக்கத்தில் அவர் சொன்னார்: "எத்தனையோ பாடகர் குழுக்கள் பாடிக் கேட்டிருக்கிறேன். சும்மா இருக்கத் தைரியம் உள்ள ஒரு குழுவை இன்றுதான் பார்த்தேன். அந்தத் தலைவிக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்."

அவள் கீபோர்டின் கறுப்புக் கட்டைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்து குழுவினர் அறைக்குள் வந்ததும் பேச்சு வெடித்தது.

"பிஷப்புக்கு வேணா ஜெபம் மாதிரி இருந்திருக்கலாம், எனக்கு மாரடைப்பு மாதிரி இருந்துச்சு" என்றார் இறைச்சிக்கடைக்காரர். "கையைத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்களே அம்மா. மறந்துபோச்சா?"

"வயசாகுதில்ல" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அவள் காத்திருந்தாள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருடைய முகமும் அவள் பக்கம் திரும்பும், அவள் ஆசைப்பட்டபடியே.

"கீபோர்டுக்குக் கழுத்து பிடிச்சிருக்கு" என்றார் அண்ணி. "காலையிலேயே முகத்தைப் பார்த்தேன். நடுவுல அவளால திரும்பவே முடியல. அதான் பொறுத்தேன். வலியோட இருக்கிறவளை அவசரப்படுத்த முடியுமா?"

"ஐயோ அக்கா, சொல்லவேயில்லையே" என்று நர்ஸ் ஓடினாள். கிளினிக் எதிர்த்தெருதானே. திரும்பி வரும்போது கையில் ஒரு கழுத்துப் பட்டை இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னதெல்லாம் வலியின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பட்டையை இறுக்கிக் கட்டினார்கள். மோவாய் மேலே தூக்கி நிறுத்தப்பட்டது. குற்றம் செய்த தலையைக் குனிந்துகொள்ளக்கூட வழியில்லை.

மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். அண்ணி கதவைச் சாத்தினார்.

"கழுத்துல ஒண்ணும் இல்ல, இல்லையா?"

"இல்ல அண்ணி."

"எனக்குத் தெரியும்."

அண்ணி அவளுக்கு எதிரே உட்காராமல், நாற்காலியை இழுத்து, அவள் தனக்கு வலப்பக்கம் வரும்படி உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கக் காது போய் நாலு வருஷம் ஆச்சு" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். "பாட்டு வலது காதுல கேக்குது. கீபோர்டு இடது பக்கம் இருக்கு. அது உறுமுறது மட்டும்தான் தெரியும், பாட்டுல நீ எங்க இருக்கன்னு தெரியாது. உன் மோவாயைப் பார்த்துத்தான் கையைப் போடுறேன்."

சொல்ல நினைத்தது ஒன்று, அவள் வாயில் வந்தது வேறு.

"கீபோர்டை வலது பக்கம் மாத்தியிருக்கலாமே அண்ணி."

"அந்தப் பக்கம் பிளக் இல்ல."

அவள் ஆலயத்தின் வலதுபக்கச் சுவரை நினைத்துப் பார்த்தாள். உண்மையில் அந்தப் பக்கம் பிளக் இல்லை.

"என்னைத் திட்டுங்க அண்ணி."

"எதுக்கு? உன் தம்பிப் பொண்டாட்டி... சே, என் தம்பிப் பொண்டாட்டி, என் இடத்துக்கு ஆசைப்பட்டா. நானும்தான் ஆசைப்படுறேன், காது போன பிறகும். இதுல யாரு யாரைத் திட்டுறது?" என்றவர் எழுந்தார். "உள்ள கமிட்டி கூடிட்டாங்க. வா. பட்டையைக் கழட்டாத, என்னைப் பொய்க்காரி ஆக்கிடுவ."

ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் நீள மேஜையைச் சுற்றிக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. செயலர் அண்ணிக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டார். அவர் தாழ்ந்த குரலில் பேசுகிறவர் வேறு. அவர் பேசுவதில் அண்ணிக்குப் பாதிகூட எட்டாது என்று இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"பிஷப் ரொம்பப் பாராட்டினார்" என்றார் செயலர். "ஆனா ஒரு சிலர், லீடரம்மா தடுமாறிட்டாங்களோன்னு கேக்குறாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நீங்களே ஒரு வேட்பாளர்ங்கிறது எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்க. அந்த மௌனம் திட்டம் போட்டதா, தவறா?"

ஒரே வாக்கியம். லீடருக்கு ஒரு காது கேட்காது. பொய்கூட இல்லை, முழு உண்மை. இனி யாரும் அவளைக் கீபோர்டு என்று கூப்பிட மாட்டார்கள். அண்ணி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், செய்தி தெரிய வேண்டும் என்று. புதன்கிழமை பாஸ்டரின் வாயைப் பார்த்ததும் இப்படித்தானா?

எழுந்து நின்றாள். பட்டை குத்தியது.

"தவறு என்னோடதுங்க. நான் தலையசைக்கணும். வேணும்னே அசைக்கல. லீடர் பதவி எனக்கு வரணும்னு செஞ்சேன். அண்ணி எனக்காகத்தான் காத்துட்டிருந்தாங்க."

பழைய செயலர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"பார்த்தீங்களா. கழுத்து வலியோட வந்து வாசிச்சதும் இல்லாம, பழியையும் தான் ஏத்துக்கிறாங்க."

"இல்லைங்க, நிஜமாவே நான்..."

"உட்காருங்கம்மா, நிக்காதீங்க, நரம்பு இழுத்துக்கும்" என்றார் செயலர். கண் கலங்கியிருந்தது. "இந்தத் தாழ்மையை நான் எங்க பெரியவங்ககிட்ட கூடப் பார்த்ததில்ல."

அவள் மேலும் இரண்டு முறை முயன்றாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய தாழ்மை கூடிக்கொண்டே போனது. வேதத்தில் பாவத்தை அறிக்கையிட்ட யாருக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. கடைசியில் கமிட்டி அண்ணியையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்து, கீபோர்டு வாசிப்பவருக்கு நன்றித் தீர்மானமும் நிறைவேற்றியது. சபைகள் கூடும் பெரிய கூட்டத்தில் அந்த மௌனத்தை அப்படியே மறுபடியும் செய்ய வேண்டும் என்று பிஷப் கேட்டுக்கொண்டதாகச் செயலர் அறிவித்தார்.

வீட்டில் கணவர் பட்டையைக் கழற்றிவிட்டபடி முழுக் கதையையும் கேட்டார்.

"அப்ப இப்ப ரெண்டு பேரும் என்கிட்ட பேசுவீங்களா?"

"பேசுவோம்."

"ம்" என்றார், சற்று ஏமாற்றமாக.

அடுத்த ஒத்திகையில் அண்ணி குழுவின் முன்னால் நின்றார். தொடங்குவதற்கு முன்பு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னார்.

"எனக்கு இடது காது கேக்காது. யாரும் வருத்தப்பட வேண்டாம், பேசுறது கேக்கும், முணுமுணுக்கிறதும் கேக்கும். கீபோர்டுதான் கேக்காது. அதனால இத்தனை வருஷமா இவளோட மோவாயைப் பார்த்துத்தான் கையைப் போட்டேன். இனிமே நீங்களும் அங்கயே பாருங்க. நேரா போற வழி இருக்கும்போது நான் எதுக்கு நடுவுல?"

"அப்ப லீடர் யாருங்கம்மா?" என்றார் இறைச்சிக்கடைக்காரர்.

"நான்தான். கமிட்டி சொல்லியிருக்கு. நீங்க நேரா நில்லுங்க."

இருபத்தொரு ஜோடிக் கண்கள் அவள் பக்கம் திரும்பின. பல வருடங்களாக அவள் மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி. அதில் அவள் எப்போதும் அமைதியாக, கம்பீரமாக இருந்திருக்கிறாள். இப்போது கைவிரல்கள் ஈரமாயின. மூக்கு அரித்தது. சொறிந்தால் யாராவது பாடத் தொடங்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எச்சில் விழுங்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில்தானா அண்ணி இவ்வளவு காலம், அதுவும் ஒரு காதோடு, நின்றிருந்தார்?

மௌனம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றிலேயே தலை ஆடிவிட்டது. அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. இருபது குரலும் ஒரு தட்டு முன்னதாக, ஒருவர்கூடப் பின்தங்காமல், பெரும் சத்தத்தோடு நுழைந்தன. அண்ணியின் கையும் அதே தப்பில் சரியாக விழுந்தது.

பாட்டு தானாக நின்றது. அவள் அண்ணியைப் பார்த்தாள்.

"தப்புதான்" என்றார் அண்ணி. "ஆனா இவ்வளவு ஒத்துமையா இதுவரைக்கும் பண்ணதில்ல. மறுபடியும். கீபோர்டு, பொறுமையா. உனக்குப் பின்னாடி நாங்கதான் இருக்கோம்."